குண்டு விழும்போது பாட்டு எதற்கு?

சென்ற இதழில் ஒரு வாசகர், "போர்க்காலத்தில் சாதாரண மனிதர்களைத் தாங்கிப் பிடித்தது எது?" என்று கேட்டிருந்தார். "ரொட்டியும் பாட்டும்" என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், மீதிப் பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் மட்டும் பாராட்டியிருக்கிறார்கள் (அவர்களுக்கு நன்றி, ஆனால் உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லையே). சரி, இந்த முறை இதை மட்டும் பேசுவோம். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: ஒரு வேளை சோற்றுக்கு வழியில்லாமல் மக்கள் சாகிற இடத்தில் பாட்டு, கச்சேரி என்பதெல்லாம் பிற்பாடு வசதியாக உட்கார்ந்திருப்பவர்கள் கட்டிய கதை இல்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

கோபம் நியாயம்தான் ஐயா. கதை கட்டியவர்களும் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் சோறும் பாட்டும் ஒரே இடத்தில் மோதிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரை வளைத்தது. முற்றுகை முழுதாக விலக 1944 ஜனவரி ஆயிற்று. மொத்தம் 872 நாள். முதல் குளிர்காலத்தின் மிக மோசமான வாரங்களில், வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அவ்வளவுதான். அதிலும் மாவைத் தவிர என்னென்னவோ கலந்திருந்தது. நகர வானொலிக்கு ஒரு வாத்தியக் குழு இருந்தது. அந்தக் குளிரில் அது நின்றே போனது, வாசிக்கிறவர்களே செத்துக்கொண்டிருந்தார்கள். 1942-இல் அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் மறுபடி ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 15 பேர். மூன்று மணி நேரம் என்று திட்டமிட்ட ஒத்திகை கால் மணி நேரத்தில் முடிந்தது. ஊதுகிறவர்களுக்கு ஊத மூச்சு இல்லை.

அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி. அதே நகரில் இருந்துகொண்டு அவர் அதன் முதல் மூன்று பகுதிகளை எழுதினார், அதன் பிறகு அரசு அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படைப்பு, பெரிய குழு வேண்டும். ஆள் போதாமல் போர்முனையிலிருந்து ராணுவ பேண்டு வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். வாசிக்கிறவர்களுக்குக் கூடுதல் உணவுப் பங்கு கொடுத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டு ரொட்டிக்குப் பதிலாக வரவில்லை, ரொட்டி கொடுத்த பிறகுதான் பாட்டே வந்தது. "இசை பசியை மறக்கடித்தது" என்று யாராவது உருகினால் எனக்கும் எரிச்சல்தான் வரும்.

1942 ஆகஸ்ட் 9 அன்று கச்சேரி நடந்தது. நடக்கிற நேரத்தில் எதிரி சுடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே ஜெர்மன் நிலைகளைத் தாக்கி வாயடைத்து வைத்தன. ஒலிபெருக்கி வழியே நகரம் முழுக்கக் கேட்டது, ஜெர்மன்காரர்கள் இருந்த பக்கமும் கேட்டது. சரி, அதனால் முற்றுகை விலகியதா? இல்லை. முழுதாக விலக இன்னும் ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது.

ஆனால் அந்த சிம்பொனியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. லெனின்கிராட் வானொலியில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் மெட்ரோனோம் ஓடவிடுவார்கள். இசைப் பயிற்சியில் தாளம் தப்பாமலிருக்க வைத்துக்கொள்வார்களே, டிக், டிக் என்று அடிக்கும் கருவி, அதுதான். மெதுவாக அடித்தால் ஆபத்து இல்லை, வேகமாக அடித்தால் விமானத் தாக்குதல் வருகிறது. வேறொரு செய்தியும் அதில் இருந்தது: சத்தம் கேட்கிறது என்றால் வானொலி இருக்கிறது, வானொலி இருக்கிறது என்றால் நகரம் இன்னும் விழவில்லை. மெட்டு கிடையாது, சொல் கிடையாது, ஒரு ராகமும் கிடையாது, வெறும் தாளம். இருட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பசியோடுதான் இருந்தார்கள் ஐயா. ஆனாலும் ஒரு அடிக்குப் பிறகு அடுத்த அடி வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த ஊரில் வேறு எதைப் பற்றி அப்படிச் சொல்ல முடிந்திருக்கும்?

கேள்வி: "மனதுக்குத் தெம்பு" என்று சொல்வதெல்லாம் சரி. உடம்புக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? நான் அறிவியல் மாணவி, மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பாமல் சொல்வதென்றால், மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். பயத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். பாடுகிறபோது அப்படி விட முடியாது. ஒரு வரியை முடிக்க வேண்டுமென்றால் சட்டென்று இழுத்து, மெதுவாக, நீளமாக விட்டாக வேண்டும். மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. பிராணாயாமம் சொல்லித்தருகிறவர் செய்யச் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான், பாட்டில் அது யாரும் சொல்லாமலே நடந்துவிடுகிறது.

சேர்ந்து பாடினால் இன்னொன்றும் நடக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே இடத்தில் விடுகிறவர்களுக்குத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போனது. அது சின்ன ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு "இதயங்கள் ஒன்றாயின" என்று கவிதை எழுதக் கிளம்ப வேண்டாம். ஆனால் பதுங்குகுழியில் பத்துப் பேர் பாடும்போது பத்துப் பேரின் மூச்சும் ஒரு ஒழுங்குக்கு வருகிறது என்பது வெறும் உவமை இல்லை என்று தெரிகிறது.

அப்புறம் மூளை. நமக்கு அது எப்போதும் "அடுத்து என்ன" என்று கணித்துக்கொண்டே இருக்கும். போரில் அந்தக் கணிப்பு ஒவ்வொன்றாகத் தோற்கிறது. சத்தம் எப்போது வரும் தெரியாது, போனவர் எப்போது திரும்புவார் தெரியாது, நாளைக்கு இதே சுவர் இருக்குமா தெரியாது. தெரிந்த பாட்டில் மட்டும் கணிப்பு ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறது: பல்லவி திரும்பி வரும் என்று நினைக்கிறோம், வருகிறது. மெட்ரோனோம் விஷயத்தில் நான் சொல்ல வந்ததும் இதைத்தான். அதனால்தான் பயந்த குழந்தை புதுப் பாட்டு கேட்காது, கேட்டதையே கேட்கும்.

கேள்வி: போஸ்னியப் போரின்போது சரயேவோவில் ஒரு செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கலைஞர் 22 நாள் தொடர்ந்து, தினமும் மாலை 4 மணிக்கு, குண்டு விழுந்த அதே இடத்தில் உட்கார்ந்து வாசித்தார் என்று எல்லா இடத்திலும் பகிர்கிறார்களே, உண்மையா?

ஆள் உண்மை, செல்லோ உண்மை, வாசித்தது உண்மை. அந்த 4 மணிதான் இடிக்கிறது.

1992 மே 27 அன்று சரயேவோவில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு வேத்ரான் ஸ்மைலோவிச் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, நாற்காலி கொண்டுபோய்ப் போட்டு, தெருவில் செல்லோ வாசித்தார். கல்லறைகளில் வாசித்தார், எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாட்டில் வாசித்தார், அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காரவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டேதான் இருந்தேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், மலை மேல் ஸ்னைப்பர் உட்கார்ந்திருக்கும் ஊரில் யாராவது நேரம் குறித்து வைத்துக்கொண்டு வருவார்களா? கதை சொல்கிறவர்களுக்கு அவர் தியாகியாகத் தேவைப்படுகிறார். அவரோ உயிர் பிழைத்து மறுநாளும் வாசிக்க வேண்டும் என்று நினைத்த ஒரு வாத்தியக்காரர். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

அவர் வாசித்த மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. அல்பினோனி என்ற பழைய வெனிஸ் இசைஞரின் பெயரில்தான் அது உலவுகிறது. உண்மையில் எழுதியவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற 20-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆய்வாளர், 1958-இல் வெளியிட்டார். குண்டுவீச்சில் அழிந்த ட்ரெஸ்டன் நகர நூலகத்திலிருந்து கிடைத்த அல்பினோனியின் துண்டுக் குறிப்பை வைத்துத்தான் அதைக் கட்டியதாக அவர் சொன்னார். அந்தத் துண்டை யாரும் கண்ணால் பார்த்து உறுதி செய்யவில்லை. பொய்யாகவே இருக்கட்டும், ஒரு போரில் அழிந்த நூலகத்தின் பெயரைச் சொல்லிப் பிறந்த மெட்டு இன்னொரு போரில் எரிந்த நூலகத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான், ஜெர்மனியர்களின் போர்க்கைதி முகாமில் எழுதி, 1941 ஜனவரி 15 அன்று அங்கேயே அரங்கேற்றிய நால்வர் இசை. வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ. முகாமில் எந்த வாத்தியத்துக்கு ஆள் கிடைத்ததோ அதற்கு எழுதினார். 5,000 பேர் கேட்டார்கள், செல்லோவில் மூன்றே கம்பிதான் இருந்தது என்று பிற்காலத்தில் மெசியான் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லோ வாசித்த பாஸ்கியேவோ, என் செல்லோவில் நான்கு கம்பியும் இருந்தது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்தக் கொட்டகையில் சில நூறு பேருக்கு மேல் இடமும் கிடையாது. மூன்று கம்பிக் கதை உண்மையில்லாவிட்டால் என்ன, கடுங்குளிரில், கைதிகளும் காவலர்களும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கடினமான இசையைக் கேட்டது போதாதா?

கேள்வி: நீங்கள் சொல்கிற எல்லாவற்றிலும் வயலின், பியானோ, சிம்பொனி என்று வருகிறது. ஒரு கருவியும் இல்லாத ஏழை சனங்கள் என்ன செய்தார்கள்?

நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்காகவே இந்த முழுப் பகுதியையும் எழுதலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை சுமத்ரா தீவைப் பிடித்தபோது அங்கே மாட்டிக்கொண்ட ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் பாலெம்பாங் பகுதியில் முகாமில் அடைத்தது. அதில் மார்கரெட் ட்ரைபர்க் என்ற மிஷனரிப் பெண், நோரா சேம்பர்ஸ் என்ற இசை படித்த பெண். வாத்தியம் எதுவும் கிடையாது. ட்ரைபர்க் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பெரிய வாத்திய இசைப் படைப்புகளை ஞாபகத்திலிருந்தே எழுதினார், இரண்டு பேருமாக அவற்றைப் பெண் குரல்களுக்கு நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். சொல் கிடையாது, ஆ, ஊ, ம் என்று ஹம்மிங்தான். ஒரு குழு வயலின் மாதிரி, ஒரு குழு கீழே தாங்கிப் பிடிக்கிற மாதிரி. 1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி, ஏறக்குறைய 30 பெண்கள், நிற்கத் தெம்பில்லாததால் உட்கார்ந்தபடி பாடினார்கள். காவலர்கள் கூட்டத்தைக் கலைக்க வந்து, கலைக்காமல் நின்று கேட்டார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அது ஓடியது. 1945-இல் நின்றது, பாடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்துவிட்டிருந்தார்கள். ட்ரைபர்க்கும் அந்த ஏப்ரலில் இறந்தார். அவர் எழுதிய ஸ்வரக் குறிப்புகள் மட்டும் தப்பின. இதைச் சொல்வதற்குக் காரணம், பாட்டு அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை என்பதைக் காட்டத்தான். நோராவின் குழுவில் இருந்தவர்கள் சொன்னது வேறு, பாடுகிற அந்த நேரத்தில் முகாமில் இருப்பதாகவே தோன்றவில்லை என்பது. வாரத்தில் சில மணி நேரம் மட்டும்தான், அதற்கு எவ்வளவு மதிப்பு என்று வெளியிலிருந்து நாம் கணக்குப் போட முடியாது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990-களில் அங்கே மின்சாரம் அறுந்துபோய், பேட்டரியும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோவையும் கேசட் பிளேயரையும் ஓட்டினார்கள். சுற்றுகிறவர் சோர்ந்தால் பாட்டும் இழுபடும், கையை மாற்றி வேகம் கூட்டினால் பாடகருக்கும் வேகம் வந்துவிடும். பாட்டு கேட்பதற்குக்கூட ஆள் முறை வைத்து உழைக்க வேண்டியிருந்தது. நாமோ இன்று விளம்பரம் வந்தால் எரிச்சலாகி அடுத்ததற்குத் தள்ளுகிறோம்.

காஸாவிலிருந்து வந்த ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. மேலே ட்ரோன் விமானங்கள் இரவும் பகலும் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கின்றன. கூடாரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஓர் இசை ஆசிரியர், சத்தம் தொல்லை தருகிறது என்று பிள்ளைகள் சொன்னபோது, அந்த ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு அதன் மேல் அவர்களைப் பாட வைத்தார். தம்பூரா போட்டுப் பாடிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அது தம்பூரா இல்லை என்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கேள்வி: எதிரி நாட்டு இசையைப் போர் நடக்கும்போது கேட்பது தேசத் துரோகமா?

கேட்டவர்கள் பட்டியலைப் பார்த்தால் சிறை போதாது.

லண்டனில் போர் தொடங்கியதும் தேசிய ஓவியக் காட்சியகத்துப் படங்களையெல்லாம் பாதுகாப்பாக வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவர்கள் காலி. மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் அங்கே மதிய உணவு நேரத்தில் கச்சேரி நடத்தலாம் என்று கேட்டு வாங்கினார். 1939 அக்டோபர் 10-இல் ஆரம்பித்தது, 1946 ஏப்ரல் வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 1,698 கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டுவீச்சு உச்சத்தில் இருந்தபோது கீழ்த்தளப் பதுங்கிடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், நிறுத்தவில்லை. அங்கே என்ன வாசித்தார்கள் என்று பார்த்தால் பாக், பேத்தோவன், பிராம்ஸ், மோட்சார்ட். குண்டு போடுகிறவன் ஊர்க்காரர்களின் இசைதான் பெரும்பாலும். யாரும் எழுந்து போகவில்லை.

பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், மூன்று குட்டை, ஒரு நெட்டை. தந்திக் குறியீட்டில் அது 'வி' என்ற எழுத்து, வெற்றியைக் குறிக்கும் 'விக்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. பிபிசி 1941-லிருந்து அதையே முரசில் தட்டி, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளுக்கு ஒலிபரப்பியது. ஜெர்மன்காரரின் இசையைக் கொண்டே ஜெர்மனிக்கு எதிராக!

எதிர்ப்பக்கத்து வானொலியையும் விடவில்லை. லாலே ஆண்டர்சன் பாடிய 'லிலி மர்லீன்' என்ற ஜெர்மன் பாட்டை ஜெர்மனியர் கையிலிருந்த பெல்கிரேட் வானொலி 1941-லிருந்து இரவு நேரத்தில் தொடர்ந்து போட்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதே அலைவரிசையைப் பிடித்துக் கேட்டார்கள். முகாம் வாசலில் விளக்குக் கம்பத்தடியில் காதலியை விட்டுவிட்டு வந்தவன் பாடுகிற பாட்டு. பொருள் புரியாதவனுக்கும் ஏக்கம் புரிந்துவிட்டது.

கேள்வி: போர் வெறியை ஏற்றுகிற பாட்டுகளும் இசைதானே? அதை ஏன் சொல்லவில்லை?

இசைதான். முரசு முதலில் போனது படைக்கு முன்னால், கச்சேரி மேடைக்கு இல்லை. நான் மேலே சொன்ன மூச்சு ஒன்றுபடுவது, கால் ஒன்றுபடுவது எல்லாம் கொல்லப் போகிறவனுக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: நாஜி முகாம்களில்கூட இசைக்குழு இருந்ததாமே? அதையும் "தெம்பு" என்ற கணக்கில் சேர்ப்பீர்களா?

இந்தக் கேள்வியை எழுதியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கேட்காமல் விட்டிருந்தால் நான் இனிப்பாக எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கைதிகளைக் கொண்டே வாத்தியக் குழு அமைத்திருந்தார்கள். அடிமை வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாசலைத் தாண்டும்போதும் மாலையில் திரும்பும்போதும் அணிவகுப்பு இசை வாசிக்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் செத்தவர்களைச் சுமந்துகொண்டு அந்தத் தாளத்துக்கு நடக்க வேண்டும். பெண்கள் குழுவை நடத்தியவர் அல்மா ரோசே, இசையமைப்பாளர் மாலரின் தங்கை மகள். குழுவில் இருந்த அனிதா லாஸ்கர் என்ற இளம்பெண் பிழைத்ததற்குக் காரணமே, அப்போது குழுவுக்கு ஒரு செல்லோ தேவைப்பட்டதுதான். வாசித்தவர்களுக்கு அது உயிர். நடந்தவர்களில் பலருக்கு அது சித்திரவதை, விடுதலைக்குப் பிறகும் அந்த மெட்டுகளைக் கேட்க முடியாமல் இருந்தவர்கள் உண்டு. ஒரே இசை, ஒரே வாசல்.

தெரேசின் முகாம் இன்னும் சிக்கல். அங்கே அடைக்கப்பட்ட யூதர்களில் பெரிய பெரிய இசைஞர்கள் இருந்தார்கள். ரஃபாயெல் ஷெக்டர் என்பவர் வெர்டியின் ரெக்வியத்தை (இறந்தவர்களுக்கான கிறிஸ்தவ வழிபாட்டு இசை) கைதிகளுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துப் பாட வைத்தார். பாடுகிறவர்களை ரயிலேற்றிக் கொண்டுபோய்விடுவார்கள், அவர் மறுபடி ஆள் சேர்த்து முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். ஹான்ஸ் கிராசா என்பவர் எழுதிய சிறுவர் இசை நாடகம் அந்த முகாமில் மட்டும் 55 முறை நடந்தது. பிள்ளைகள் போகப் போக வேறு பிள்ளைகள் அதே வேடத்தில். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது நாஜிகள் அதே நாடகத்தைப் போட்டுக் காட்டி, பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார்கள். வந்தவர்களும் நம்பிக்கொண்டு போனார்கள். அந்த அக்டோபரில் கிராசா, ஷெக்டர், நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லோரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதைத் தெம்பு என்று சொல்வதா, ஏமாற்று என்று சொல்வதா? பாடிய பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் உண்மை. பார்க்க வந்தவருக்குக் காட்டியது பொய். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒரு விடை கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் வித்தியாசம் தெரிகிறது. யார் சொல்லிப் பாடுகிறோம், எப்போது நிறுத்தலாம் என்பது நம் கையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது. நம் காலத்திலும் அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் கைதிகளைத் தூங்கவிடாமல் மணிக்கணக்கில் காதைப் பிளக்கும் பாட்டுகளைப் போட்டார்கள். வெளியே அதே பாட்டுகளுக்குத்தான் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: தாலிபான்கள் ஏன் வாத்தியங்களை உடைக்கிறார்கள்? வேறு வேலை இல்லையா?

மதக் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிவது, நாலு பேர் அவர்களைக் கேட்காமல் ஒரே தாளத்தில் சேர்வது எந்த அதிகாரத்துக்கும் பிடிக்காது. 2012-இல் மாலி நாட்டின் வடபகுதியைப் பிடித்த ஆயுதக் குழுக்களும் இசையைத்தான் தடை செய்தன, அதுவும் இசைக்குப் பெயர்போன திம்புக்டு பக்கத்தில். ஆப்கானிஸ்தானில் தேசிய இசைப் பள்ளியைத் தொடங்கிய அகமது சர்மஸ்த் 2014-இல் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் சிக்கி, கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு, சிகிச்சை முடிந்து திரும்பி வந்து அதே பள்ளியை நடத்தினார். 2021-இல் தாலிபான் மறுபடி வந்தபின் மாணவர்களும் ஆசிரியர்களுமாக அந்தப் பள்ளியே போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: என் மகன் வகுப்பில் போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். யாரிடமும் பேசுவதில்லை. வீட்டுக்கு வருவான், மகனோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நல்ல பாட்டாகப் போட்டுக் காட்டலாமா? எதைப் போடலாம்?

முதலில், "நல்ல பாட்டு" எது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள் அம்மா. உங்களுக்கு அமைதியாகப் படுகிற மெட்டு, அவன் ஊரில் மோசமான செய்திக்கு முன்னால் வானொலியில் போட்ட மெட்டாக இருக்கலாம். திடீரென்று முரசு அதிர்கிற, சைரன் மாதிரி ஏறி இறங்குகிற சத்தம் உள்ள பாட்டுகளை அவன் இருக்கும்போது தவிர்க்கலாம். அவன் ஊர்ப் பாட்டைத் தேடிப் பிடித்து ஆச்சரியப்படுத்துகிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். அவனாகக் கேட்டால் வேறு.

கேட்க வைப்பதைவிடச் செய்ய வைப்பது மேல். பேச வராத பிள்ளைக்குத் தட்ட வரும். உங்கள் மகன் மேசையில் ஒரு தாளம் தட்டட்டும், அவன் பதிலுக்குத் தட்டினால் தட்டட்டும், தட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் மருத்துவமனைகளில் இசைக்காரர்கள் போய் வாசித்து வாசித்துத்தான் அமெரிக்காவில் இசை சிகிச்சை என்பது ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் வளர்ந்தது, 1950-இல் அதற்கென்று ஒரு தேசியச் சங்கமும் ஏற்பட்டது. வாசித்துவிட்டு வந்தால் போதாது, எப்போது எதை வாசிக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த மருத்துவமனைகளில்தான் புரிந்தது. அதனால், பையன் தூக்கத்தில் அலறுகிறான், சாப்பிடுவதில்லை என்று தெரிந்தால் பாட்டை நம்பிக்கொண்டிராமல் அவன் பெற்றோரிடம் பேசி, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டு போடுவதென்றே வைத்துக்கொண்டால், ரிமோட்டை அவன் கையில் கொடுங்கள். நிறுத்தினால் ஏன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அந்த ஏழாவது சிம்பொனியைக் கேட்கலாம் என்று பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

முதல் பகுதியில், ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்து, எங்கோ தூரத்தில் ஒரு சிறு முரசு கேட்கும். சும்மா விளையாட்டுப் போல ஒரு மெட்டு அதன் மேல் வரும், திரும்பவும் அதே மெட்டு வரும், திரும்பவும் அதே. சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே கூடும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு.